ஸ்கார்பரோ: பள்ளிக் கட்டடத்தில் பிறந்த திகில் நாடகம்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், வட கடலுக்குள் நீண்டு நிற்கும் ஒரு பாறை முனையின் இரு பக்கமும் தென் விரிகுடா, வட விரிகுடா எனப் பிரிந்து கிடக்கும் ஸ்கார்பரோ, அந்நாட்டின் மிகப் பழைய கடற்கரை ஓய்வு ஊர்களுள் ஒன்று. 1620களில் குன்றின் அடியில் கண்டறியப்பட்ட கனிமநீர் ஊற்று நோய் தீர்க்கும் என்று நம்பி வந்தவர்களால் வளரத் தொடங்கிய இவ்வூர், 1845இல் யார்க் நகரிலிருந்து ரயில் பாதை வந்த பிறகு கோடை விடுமுறைக் கூட்டம் மொய்க்கும் இடமாயிற்று. அக்கூட்டத்தை உட்காரவைக்க ரயில் நிலையத்தில் போடப்பட்ட, ஏறத்தாழ 139 மீட்டர் நீளமுள்ள மர இருக்கை இன்றும் சுவரை ஒட்டி நிற்கிறது. யார்க்கிலிருந்து ஐம்பது நிமிடப் பயணத்தில் டிசம்பர் மாதம் வந்திறங்கும் பயணி, அந்த நீண்ட இருக்கையை ஏறக்குறைய வெறுமையாகவே காண்பார். பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் அந்நாள்களில், கடற்கரைச் சாலையின் ஐஸ்கிரீம் கடைகளும் விளையாட்டு அரங்குகளும் கதவடைத்துக் கிடக்க, கடலின் ஓசை மட்டும் ஊர் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கும். இவ்வூரில் பிறந்த ஒரு நாடகத்தைத் தேடி வருபவர் கோடையில் வராமல் இந்தப் பருவத்தில் வருவதே முறை.

அந்த நாடகம் ‘தி உமன் இன் பிளாக்’, அதாவது ‘கறுப்பு உடைப் பெண்’. இதே ஊரில் 1942இல் பிறந்த எழுத்தாளர் சூசன் ஹில் 1983இல் வெளியிட்ட சிறு நாவலை, நாடகாசிரியர் ஸ்டீபன் மாலட்ராட் 1987இல் மேடைக்கு ஏற்ப மாற்றி எழுதினார். 1989 ஜூன் மாதம் லண்டனின் ஃபார்ச்சூன் அரங்குக்குச் சென்ற இந்நாடகம் 2023 மார்ச் வரை அங்கே 13,232 முறை நிகழ்த்தப்பட்டது. இசை நாடகம் அல்லாதவற்றுள், அகதா கிறிஸ்டியின் ‘தி மவுஸ்டிராப்’ ஒன்றைத் தவிர வேறெதுவும் லண்டனில் இவ்வளவு காலம் ஓடியதில்லை. இத்தனை புகழுக்குப் பின்னால் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. இந்நாடகம் முதன்முதலில் அரங்கேறிய கட்டடம், முன்னொரு காலத்தில் ஆண் பிள்ளைகளுக்கான உயர்நிலைப் பள்ளியாக இருந்தது. இன்று பிரிட்டனின் பள்ளி மேடைகளில் மாணவர்கள் இதே நாடகத்தை எடுத்து நடிக்கும்போது, பெரிய அரங்கின் படைப்பு ஒன்றைச் சிறிய இடத்துக்குச் சுருக்கி நடிப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. நாடகம் தன் பிறந்த வீட்டுக்குத் திரும்புகிறது என்பதே பொருத்தமான பார்வை.

இந்நாவல் சேரும் வகை ‘கோதிக்’ எனப்படும். இச்சொல் முதலில் ஐரோப்பிய இடைக்காலத்துக் கூர்வளைவுக் கட்டடக் கலையைக் குறித்தது; 1764இன் இறுதியில் வெளிவந்த ‘தி காஸில் ஆஃப் ஒட்ராண்டோ’ என்ற தம் கதையின் இரண்டாம் பதிப்புக்கு ஹொரஸ் வால்போல் அச்சொல்லைத் துணைத்தலைப்பில் சேர்த்த பிறகு, பாழடைந்த மாளிகை, பூட்டிய அறை, குடும்பத்தின் மறைத்த பாவம், இறந்தும் அடங்காத உயிர் ஆகியவற்றைக் கொண்ட புனைவுக்கெல்லாம் அதுவே பெயராயிற்று. இதனோடு இங்கிலாந்துக்கே உரிய மற்றொரு வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. கிறிஸ்துமஸ் முன்னிரவில் கணப்பைச் சுற்றி அமர்ந்து பேய்க்கதை சொல்வது அங்கே நெடுநாள் பழக்கம். கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரித் தலைவராக இருந்து, பின்னர் 1918 முதல் 1936 வரை ஈட்டன் பள்ளியின் தலைமைப் பொறுப்பு வகித்த அறிஞர் எம். ஆர். ஜேம்ஸ், தம் புகழ்பெற்ற பேய்க்கதைகளைக் கிறிஸ்துமஸ் இரவுகளில் நண்பர்களுக்குப் படித்துக் காட்டவே எழுதினார். சூசன் ஹில்லின் நாவலும் கிறிஸ்துமஸ் முன்னிரவில்தான் தொடங்குகிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு பேய்க்கதை சொல்ல, முதுமையை நெருங்கிய ஆர்தர் கிப்ஸ் மட்டும் தம் முறை வந்ததும் எழுந்து வெளியே போய்விடுகிறார், ஏனெனில் அவரிடம் இருப்பது கதையன்று.

இளம் சொலிசிட்டராக, அதாவது பத்திரங்களையும் உயில்களையும் கவனிக்கும் வழக்கறிஞராக, கிப்ஸ் வேலை பார்த்த காலத்தில், இறந்துபோன திருமதி டிராப்ளோ என்ற மூதாட்டியின் ஆவணங்களை ஒழுங்குபடுத்த ஈல் மார்ஷ் என்ற தனித்த வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். உவர்ச் சதுப்பின் நடுவே நிற்கும் அவ்வீட்டுக்குப் போகும் ஒரே பாதையைக் கடல் ஏறும்போதெல்லாம் நீர் மூடிவிடுகிறது. மணமாகாமல் பெற்ற பிள்ளையைத் தன் உடன்பிறந்தாளிடம் விட்டுக்கொடுக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டு, அப்பிள்ளை மட்டக்குதிரை வண்டியோடு சேற்றில் புதைந்து இறப்பதைச் சன்னலில் நின்று காண நேர்ந்த ஒரு தாயின் துயரமே அவ்வீட்டைப் பற்றியிருக்கிறது. அவள் தோன்றினால் எங்கோ ஒரு குழந்தை இறக்கும். கதையின் எஞ்சிய பகுதியை இங்கே விரித்துரைப்பது இனிமேல் காண இருப்பவருக்குச் செய்யும் அநீதி.

நாடகம் பிறந்த இடத்தைக் காண, ரயில் நிலையத்திலிருந்து சற்றுத் தொலைவே நடக்க வேண்டும். நிலையத்துக்கு எதிரிலேயே நிற்கும் இன்றைய ஸ்டீபன் ஜோசப் அரங்கு, முன்னர் ஒடியன் திரையரங்காக இருந்த கட்டடத்தில் 1996இல்தான் திறக்கப்பட்டது. ஸ்டீபன் ஜோசப் என்பவர் பிரிட்டனில் வட்ட அரங்கு முறையைப் பரப்பிய முன்னோடி. பார்வையாளர் நான்கு பக்கமும் சூழ்ந்து அமர நடிகர் நடுவில் நிற்கும் இம்முறைக்காக, 1955இல் அவர் இவ்வூர்ப் பொது நூலகத்தின் மாடிக் கூடத்தில் ஒரு குழுவைத் தொடங்கினார். பின்னர் 1976இல் அக்குழு வெஸ்ட்வுட் என்ற பகுதியில் இருந்த பழைய பள்ளிக் கட்டடத்தின் தரைத்தளத்துக்குக் குடிபெயர்ந்து, தற்காலிகமென்று சொல்லி இருபது ஆண்டுகள் அங்கேயே இருந்தது. பள்ளத்தாக்கின் மேலே, பாலத்தை அடுத்து நிற்கும் அக்கட்டடத்தில் நினைவுச்சின்னத்தின் பகட்டு ஏதும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கே உரிய உயர்ந்த சன்னல்களும், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் நுழைவதற்கென்று அமைத்த வாயிலும், கட்டடம் எதற்காக எழுந்தது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றன.

1987இல் அக்குழுவின் கலை இயக்குநர் ஆலன் எய்க்போர்ன் லண்டன் தேசிய நாடக அரங்கில் பணியாற்றச் சென்றிருந்ததால், பொறுப்பு ராபின் ஹெர்ஃபோர்ட் என்பவரிடம் இருந்தது. கிறிஸ்துமஸ் காலத்துக்குப் பேய்க்கதை ஒன்றை மேடையேற்ற அவர் விரும்பினார். ஆனால் அந்த ஆண்டின் நிதி ஏறத்தாழத் தீர்ந்துவிட்டிருந்தது. குழுவின் எழுத்தாளரான மாலட்ராட்டிடம் அவர் வைத்த நிபந்தனை, நான்கு நடிகர்களுக்குமேல் கூடாது, காட்சியமைப்புக்குப் பணம் கேட்கக் கூடாது என்பதே. நாடகம் நிகழ்ந்த இடமும் முதன்மை அரங்கு அன்று. இடைவேளையில் மதுவும் தேநீரும் விற்கும் கூடத்தில், சுமார் 70 பேர் நெருக்கி உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு டஜன் பாத்திரங்களும் ரயில் பயணமும் சந்தை ஊரும் இடுகாடும் கடல் சூழ்ந்த வீடும் கொண்ட நாவலை இந்த நிபந்தனைக்குள் அடக்கச் சொன்னால், வேறொரு எழுத்தாளர் வேறு கதையைத் தேடியிருப்பார்.

மாலட்ராட் கண்ட வழி நாடகக் கலையின் அடிப்படையையே தொட்டது. முதிய கிப்ஸ் தம் அனுபவத்தை எழுதி எடுத்துக்கொண்டு, அதை உற்றாருக்குப் படித்துக் காட்டப் பயிற்சி பெறுவதற்காக ஒரு நடிகனை அமர்த்திக்கொள்கிறார். இருவரும் பார்வையாளர் இல்லாத அரங்கில் ஒத்திகை பார்க்கிறார்கள். நடிகன் இளைய கிப்ஸாக மாற, கிப்ஸ் தம் வாழ்வில் சந்தித்த பிற மனிதர் அனைவராகவும் மாறுகிறார். நாடகத்துக்குள் நாடகமாகிய இவ்வமைப்பில் மேடை வெறுமையாக இருப்பதற்குக் காரணம் கதைக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. ஒத்திகையில் எவரும் மாளிகை கட்டுவதில்லை. இரண்டு நாற்காலியும் ஒரு பெரிய பிரம்புக் கூடைப்பெட்டியும் ஆடைகள் தொங்கும் சட்டமும் போதுமானவை ஆகின்றன. அந்தக் கூடைப்பெட்டிதான் அலுவலக மேசை, அதுவே ரயில் பெட்டியின் இருக்கை, அதுவே மட்டக்குதிரை வண்டி, அதுவே கட்டில். இருவரும் அதன்மேல் தோளோடு தோள் உரச அமர்ந்து, உடலை ஒரே தாளத்தில் குலுக்கும்போது, சக்கரம் கல்லில் ஏறி இறங்குவதைப் பார்வையாளரின் முதுகுத்தண்டே உணர்கிறது. ஸ்பைடர் என்ற சிறு நாயும் கதையில் உண்டு. மேடையில் நாய் இல்லை, நடிகரின் கை குனிந்து தடவும் இடத்தில் காற்றுதான் இருக்கிறது. ஆயினும் அந்நாய் சேற்றில் சிக்கும் காட்சியில் அரங்கு முழுவதும் மூச்சை அடக்கிக்கொள்வதை லண்டனில் நாடகம் கண்டவர்கள் அறிவார்கள். இல்லாத நாய்க்காகப் பதறப் பழகிய மனம், இல்லாத பெண்ணுக்கு அஞ்சவும் ஆயத்தமாகிவிடுகிறது. இந்த வரிசையைத் திட்டமிட்டு அமைத்ததிலேயே மாலட்ராட்டின் மேதைமை இருக்கிறது.

ஊரின் வடபுறம், பாறை முனையின் உச்சியில் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோட்டையின் எச்சம் நிற்க, அதற்குக் கீழே புனித மரியாள் கோயிலின் இடுகாடு சரிவில் கிடக்கிறது. பிரான்டே சகோதரிகளுள் இளையவரான ஆன், காசநோய் முற்றிய நிலையில் கடற்காற்றை நாடி வந்து, 1849 மே 28ஆம் நாள் இங்கே இறந்து அவ்விடத்திலேயே அடக்கமானார். கல்லில் அவர் வயது 28 எனப் பொறிக்கப்பட்டுள்ளது, உண்மையில் 29. அவருடைய தமக்கை ஷார்லட் எழுதிய ‘ஜேன் அய்ர்’ கோதிக் மரபின் தூண்களுள் ஒன்று. அதன் சாயலை 1969இல் வந்த ‘சாந்தி நிலையம்’ படத்தில் தமிழ் மக்கள் கண்டிருக்கிறார்கள். வடக்கே கரையோரமாகச் சென்றால், 1890இல் பிராம் ஸ்டோக்கர் தங்கி ‘டிராகுலா’வுக்குக் குறிப்பெடுத்த விட்பி ஊர் வருகிறது. சிறிதளவே நீளமுள்ள இக்கரையில் இத்தனை அச்சக்கதைகள் வேர்விட்டதற்குக் கடலே காரணம் என்று கருத இடமுண்டு.

இப்பகுதியினர் ‘ஃப்ரெட்’ என்று அழைக்கும் கடல்மூடுபனியைக் காண நேர்ந்தவர்கள் அக்கருத்தை எளிதில் ஏற்பார்கள். நிலத்திலிருந்தோ தெற்கிலிருந்தோ வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த வட கடலின் மேற்பரப்பில் படும்போது அதிலுள்ள ஆவி நுண்துளிகளாகத் திரண்டு, கரையை நோக்கி வெண்சுவராக நகர்ந்து வருகிறது. வசந்தத்திலும் கோடையிலுமே இது மிகுதி. உள்நாட்டில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் கரையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அந்நிலையில் கோட்டை முனை மறைகிறது, கலங்கரை விளக்கம் மறைகிறது, பின்னர் கைப்பிடிச் சுவரும் மறைந்து அலையோசை மட்டும் எத்திசையிலிருந்து வருகிறதென்று தெரியாமல் நிற்கிறது. நாவலில் கிப்ஸ், சதுப்பின் நடுப்பாதையில் இத்தகைய பனியில் சிக்கி, குதிரையின் கனைப்பையும் சக்கரச் சத்தத்தையும் ஒரு குழந்தையின் அலறலையும் கேட்கிறார், எதையும் காண்பதில்லை. ஈல் மார்ஷ் வீட்டையோ சதுப்பையோ தேடி ஸ்கார்பரோவுக்கு வருபவர் ஏமாற்றமே அடைவார், ஏனெனில் இவ்வூர் செங்குத்துப் பாறைகளின் ஊர், கதையின் நிலப்பரப்பு கற்பனையானது. ஆனால் அச்சம் காதின் வழியாக வருகிறது என்ற அறிவை, பனி இறங்கும் இக்கரையில் எவரும் பெற முடியும்.

மேடையில் அந்தக் காட்சியைத் தாங்குவது பதிவு செய்த ஒலி. ராட் மீட் அமைத்த மூல ஒலிப்பதிவு இந்நாடகத்தின் மூன்றாவது நடிகர் என்று சொல்லத்தக்கது. கண்ணுக்கான ஒரே தந்திரம் மேடையின் குறுக்கே தொங்கும் மெல்லிய வலைத்திரை. இதை அரங்கத்தார் ‘காஸ்’ என்பர். கொசுவலையைப் போல் நெய்த இத்துணியின்மேல் முன்பக்கத்திலிருந்து சாய்வாக ஒளி விழுந்தால், இழைகள் ஒளியைத் திருப்பியனுப்பி, துணி சுவரைப் போல் தோன்றும். முன்னொளியை அணைத்துப் பின்னால் ஒரு விளக்கை ஏற்றினால், அதே சுவர் கரைந்து, அதற்கு அப்பால் இருக்கும் குழந்தையின் அறையும் படிக்கட்டும் இடுகாடும் வெளிப்படும். முன்னொளி குறைவதும் பின்னொளி ஏறுவதும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் நொடிதான் முக்கியம். பின்விளக்கு ஓர் இமைப்பொழுது முந்தினால் பின்னால் நிற்பவரின் காலணிதான் முதலில் தெரியும். பிந்தினால் இருட்டில் பார்வையாளர் சிரிக்கத் தொடங்கிவிடுவர்.

பள்ளி மேடைக்கு இந்நாடகம் ஏன் இவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்பது இவற்றிலிருந்தே விளங்கும். பிரிட்டனில் பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வில் நாடகம் ஒரு விருப்பப் பாடம். அச்சில் வந்த நாடகம் ஒன்றின் பகுதியை மாணவர் நடித்துக் காட்ட வேண்டும், நடிக்க விரும்பாதவர் ஒளி, ஒலி, உடை, காட்சியமைப்பு ஆகியவற்றுள் ஒன்றைத் தம் பணியாக எடுத்துக்கொண்டு அதற்கே மதிப்பெண் பெறலாம். இத்தேர்வுக்குப் பயிலும் மாணவர் கூட்டங்கள் பல ஆண்டுகள் ஃபார்ச்சூன் அரங்கின் பகற்காட்சிகளை நிரப்பின. முன்வரிசையில் ஒரு பிள்ளை அலறினால் மாடி வரை அலறல் ஏறுவது அங்கே வாடிக்கையாக இருந்தது. திரும்பி வந்த பிள்ளைகள் தம் பள்ளிக் கூடத்தில் அதைச் செய்து பார்க்க முனைவது இயற்கையே. காலையில் கூட்டு வழிபாடும், நண்பகலில் உணவும், தேர்வுக்காலத்தில் வரிசை மேசைகளும் காணும் அக்கூடத்தின் தரையில் பூப்பந்து ஆட்டத்துக்கான வண்ணக்கோடுகள் ஓடும். சுவரில் ஏறுபயிற்சிச் சட்டங்கள் இருக்கும். அவசர வழியைக் காட்டும் பச்சை விளக்கை அணைக்க இயலாது. இவையெல்லாம் மன்னர் அரண்மனையைக் காட்ட வேண்டிய நாடகத்துக்குக் குறைகள். வெறும் அரங்கில் நடக்கும் ஒத்திகையைக் காட்டும் நாடகத்துக்கோ அவை உள்ளவாறே காட்சியமைப்பு.

அதைவிட ஆழமான பொருத்தம் ஒன்று உண்டு. நாடகம் தொடங்கும்போது கிப்ஸ் நடிக்கத் தெரியாதவர். தாளைப் பார்த்து முணுமுணுக்கிறார், குரல் மூன்றாம் வரிசையைக்கூட எட்டுவதில்லை. கேட்பவரை நினைத்துப் படிக்கும்படி இளைய நடிகன் அவரைத் திரும்பத் திரும்பத் திருத்துகிறான். முதல் முறையாக மேடையேறும் பதினைந்து வயதுப் பிள்ளையின் கூச்சமும் தடுமாற்றமும் இப்பாத்திரத்தில் பிழையாவதில்லை. நாடகம் நகர நகரக் கிப்ஸ் வண்டிக்காரனாகவும் நிலக்கிழாராகவும் விடுதிக்காரனாகவும் குரல் மாற்றிப் பேசக் கற்கும்போது, அதை நடிக்கும் பிள்ளையும் கற்கிறது. நடிப்புப் பாடத்தையே கதையாக்கிய இன்னொரு திகில் நாடகத்தை உலக மேடையில் காண்பது அரிது.

பள்ளிகள் இதில் தவறும் இடமும் ஒன்றுதான்: கையில் இருப்பதைவிட மிகுதியாகக் காட்ட விரும்புவது. புகைப்பொறி கிடைத்துவிட்டால் கூடம் முழுவதும் புகை நிரம்புகிறது. படவீழ்த்தி இருந்தால் சதுப்பு நிலத்தின் வண்ணப்படம் பின்சுவரில் ஒளிர்கிறது. பெண்ணின் முகத்தில் வெள்ளைப் பூச்சும் சிவப்புச் சாயமும் ஏறுகின்றன. படம் ஒளிரத் தொடங்கியதும் கூடைப்பெட்டி வண்டியாக இருப்பதை நிறுத்திவிட்டு வெறும் பெட்டியாகிவிடுகிறது என்பதைக் கவனிக்கும் ஆசிரியர்கள் அப்பொருள்களை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆடும் நாற்காலியின் அடிச்சட்டத்தில் கட்டிய மீன்பிடி நரம்பை, பக்கத்திரைக்குப் பின்னால் தரையில் படுத்த ஒரு பிள்ளை, தன் மூச்சை எண்ணிக்கொண்டே இழுத்து விடுவது அந்தக் கருவிகள் எல்லாவற்றையும்விட வலிமையானது. நாற்காலி தானாக ஆடுகிறது. பலகையில் அது மோதும் ஓசை ஒரே சீராகக் கேட்கிறது. மூடிய கதவின் மேல் ஒளி விழுகிறது. அவ்வளவே போதும்.

இந்நாடகத்தில் கறுப்பு உடைப் பெண்ணுக்கு வசனம் இல்லை. நிகழ்ச்சித் தாளில் இரண்டு நடிகர்களின் பெயரே அச்சாவது தொழில்முறை அரங்கில் ஏற்பட்ட வழக்கம். முடிவில் பார்வையாளர் கைதட்டும்போது இருவரே முன்வந்து வணங்குகிறார்கள், அப்பெண் வருவதில்லை. தாம் கண்டது யாரை என்ற ஐயத்தோடு மக்கள் வெளியேற வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட இவ்வழக்கம், பள்ளிக்குள் நுழையும்போது வேறு கனம் பெறுகிறது. பள்ளி நாடகத்தின் நிகழ்ச்சித் தாளில் திரை இழுத்த பிள்ளையின் பெயரும் இருக்கும், நாற்காலி கடன் கொடுத்த பெற்றோருக்கு நன்றியும் இருக்கும். அத்தகைய தாளில் தன் பெயர் மட்டும் இல்லாமல் போவதற்கு ஒரு மாணவி உடன்பட வேண்டும். வாரக்கணக்கில் இருட்டில் ஓசையின்றி நடக்கப் பழகியவள், வலைத்திரைக்குப் பின்னால் அசையாமல் நிற்கப் பழகியவள், தன் வகுப்புத் தோழர்களின் இருக்கைகளுக்கு நடுவே ஒரே ஒருமுறை நடந்து மறைந்தவள், இறுதியில் கூடத்தின் விளக்குகள் எரிந்து கைதட்டல் எழும்போது, விளையாட்டுப் பொருள்கள் வைத்திருக்கும் பக்கத்து அறையில் முகத்திரையை மடித்துக்கொண்டு நிற்பாள். பெற்றோர் வரிசையில் ஒரு தாய், மேடையில் இருவர் மட்டும் வணங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி, கைதட்டுவதை நிறுத்தாமல், பக்கத்திரையையே நோக்கிக்கொண்டிருப்பாள்.